பாரே மலைக்காரர்களும் அவர்கள் தேக்கிவைக்கும் தண்ணீரும்

கேள்வி இதுதான்: தான்சானியாவின் பாரே மக்கள் யார்? கிளிமஞ்சாரோவைச் சுற்றி வாழும் சாகா மக்களில் ஒரு பிரிவினரா? அவர்கள் எதைச் செய்து பிழைக்கிறார்கள், அவர்களுடைய பண்பாடு எப்படிப்பட்டது?

முதல் பாதிக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். பாரே மக்கள் சாகாவின் பிரிவு இல்லை. இரு சாராரும் பக்கத்துப் பக்கத்து மலைக்காரர்கள். இரு சாராருடைய ஊர்களும் இன்று கிளிமஞ்சாரோ மாகாணத்திற்குள்தான் இருக்கின்றன. அதனால்தான் குழப்பம் வருகிறது. மலையும் வேறு, மொழியும் வேறு, வரலாறும் வேறு.

மோஷி நகரத்திலிருந்து தார் எஸ் சலாம் போகும் நெடுஞ்சாலையில் தென்கிழக்காகப் போனால், இடது பக்கம் ஒரு நீண்ட மலைவரிசை கூடவே வரும். அதுதான் பாரே மலை. வட பாரே, தென் பாரே என்று இரண்டு துண்டு. வட பாரேயில் உசாங்கி, உக்வேனோ ஆகியவை பேர்போன பகுதிகள். அது முவாங்கா மாவட்டம். தென் பாரே சாமே மாவட்டத்தில் வருகிறது. எம்பாகா, கோன்ஜா, மம்பா, சோமே, சுஜி என்று மலையூர்கள் வரிசையாக இருக்கின்றன. 2012 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாமே மாவட்டத்தில் சுமார் 2,70,000 பேரும் முவாங்காவில் சுமார் 1,31,000 பேரும் இருந்தார்கள். எல்லாரும் பாரே இல்லை, ஆனால் பெரும்பாலோர் அவர்களே.

கிளிமஞ்சாரோ எரிமலை. பாரே மலை அப்படி இல்லை. கென்யாவின் தைதா குன்றுகளிலிருந்து தான்சானியாவின் நடுப்பகுதி வரை விட்டுவிட்டு நீளும் மிகப் பழைய பாறை மலைத்தொடரில் அது ஒரு கண்ணி. அதன் உச்சியான ஷெங்கேனா சுமார் 2,460 மீட்டர் உயரம். உச்சியைச் சுற்றி இன்னும் காடு இருக்கிறது. தென் பாரேயின் பல குலங்கள் தங்கள் முன்னோர் தைதாவிலிருந்து வந்ததாகத்தான் சொல்கின்றன. அவர்கள் தங்களை வாசு என்றும் தங்கள் மொழியைச் சாசு என்றும் சொல்வார்கள். பாரே, கிபாரே என்பவை மற்றவர்கள் வழங்கும் பெயர்கள். வட பாரேயின் உக்வேனோவில் க்வேனோ என்று தனி மொழி ஒன்று உண்டு. அது சாசுவைவிடச் சாகா மொழிகளுக்கு நெருக்கமானது. தென் பாரேயிலும் அடுத்துள்ள உசம்பாரா மலையிலும் வாழும் ம்புகு மக்கள் பேசும் மஆ என்ற மொழியோ உலகத்து மொழியியலாளர்கள் எல்லாரையும் இழுத்த ஒன்று. அதன் இலக்கணம் ஆப்பிரிக்காவின் தெற்குப் பாதியில் பரவிய பாண்டு மொழிகளுடையது (பாரேவும் அவற்றில் ஒன்று), சொற்களில் பெரும்பங்கு எத்தியோப்பியா, சோமாலியா பக்கத்துக் குஷிட்டிக் மொழிகளுடையது. ஒரு சிறிய மலைக்குள் இத்தனை.

சரி, பிழைப்புக்கு வருவோம். நான் அதைத் தண்ணீரிலிருந்துதான் தொடங்குவேன். பாரே மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சடங்கிலும் மண்டையோட்டிலும் தொடங்கிவிடுகிறார்கள். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மக்களின் அறிவும் ஒற்றுமையும் சண்டையும் எல்லாம் வெளிப்படுகிற இடம் அவர்களுடைய வாய்க்கால்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் கிழக்குச் சரிவில் மழையைக் கொட்டிவிடுகிறது. மேற்குச் சரிவும் அதன் அடிவாரமும் மழைமறைவில் கிடக்கின்றன. சாமே நகரமும் மகாண்யா, ஹெடாரு போன்ற சாலையோர ஊர்களும் முட்புதர்க் காட்டின் நடுவே இருப்பதற்கு அதுதான் காரணம். மழைக்காலம் இரண்டு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வூலி என்னும் சிறுமழை, மார்ச் முதல் மே வரை மாசிகா என்னும் பெருமழை. இரண்டையும் நம்ப முடியாது. மக்காச்சோளம் கதிர் விடும் நேரத்தில் இரண்டு மூன்று வாரம் மழை நின்றுவிட்டால் அந்தப் போகம் முழுவதும் போனது. மழை மொத்தத்தில் எவ்வளவு பெய்தது என்பதைவிட நடுவில் எத்தனை நாள் பெய்யாமல் இருந்தது என்பதுதான் அங்கே விளைச்சலைத் தீர்மானிக்கிறது.

இதற்கு அவர்கள் கண்ட வழி என்டிவா. மலைச்சரிவில், ஓடையிலிருந்து பிரித்த வாய்க்காலின் வழியில், மண்ணாலும் கல்லாலும் கரைகட்டிய ஒரு சிறு குளம் அது. ஓடையில் வருவது மெல்லிய நீர். அதை அப்படியே வாய்க்காலில் விட்டால் போகிற வழியிலேயே மண் குடித்துவிடும், கடைசி வயலுக்கு ஒரு சொட்டும் போய்ச் சேராது. அதனால் இரவு முழுவதும் ஓடைநீரை என்டிவாவில் தேக்குவார்கள். விடிந்ததும் மதகைத் திறப்பார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சேர்ந்த நீர் ஒரே வீச்சில் இறங்கும்போது அதற்கு வேகம் இருக்கிறது, வாய்க்காலின் கோடி வரை போகிறது. யாரும் இருட்டில் மண்வெட்டியோடு வயலில் நிற்க வேண்டியதும் இல்லை. இவ்வளவு எளிய விஷயம்தான், ஆனால் அந்தச் சரிவுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிற்காலத்தில் இந்தச் சரிவுகளுக்கு வெளியிலிருந்து உதவ வந்த திட்டங்களும் பெரும்பாலும் பழைய என்டிவாக்களைத்தான் சிமெண்ட் பூசி அகலப்படுத்தின.

என்டிவாவைக் கட்டியது பெரும்பாலும் ஒரு குலம். மதகு திறக்கும் உரிமையும் முறை வைக்கும் உரிமையும் அந்தக் குலத்து மூத்தவர்களிடம் இருந்தன. போகம் தொடங்கும் முன் ஆடு வெட்டி முன்னோருக்குப் படைத்துவிட்டுத்தான் தண்ணீர் விடுவார்கள். வாய்க்காலில் தூர் வாருவதும் உடைந்த கரையை அடைப்பதும் எல்லார் வேலையும். அப்படி ஊர் கூடிச் செய்யும் வேலைக்கு ம்சாரகம்போ என்று பெயர். என்டிவா மட்டும் என்றில்லை, பாதை போடுவது, பள்ளிக்கூடம் கட்டுவது, மரம் நடுவது எல்லாவற்றுக்கும் ம்சாரகம்போதான். கூப்பிட்டபோது வராதவருக்குத் தண்டம் உண்டு. அரசு ரோடு போடட்டும் என்று காத்திருக்காமல் மலைமேல் பள்ளிகளும் பாதைகளும் வந்ததில் இந்தப் பழக்கத்தின் பங்கு பெரியது.

இன்று பல ஊர்களில் குலத்து மூத்தவர்களின் இடத்தில் தண்ணீர்க் குழுக்கள் வந்துவிட்டன. தலைவர், பொருளாளர், நோட்டுப்புத்தகம் என்று நடக்கின்றன. ஆனால் சிக்கல் தீரவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. மகாண்யா ஆற்றின் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வூடே, நடுவில் பங்கலாலா, அடிவாரத்தில் மகாண்யா. மேலே மக்கள் பெருகி, என்டிவாக்கள் பெரிதாகி, காய்கறி விளைச்சலும் கூடியதால் மேலிருப்பவர்கள் அதிக நீரை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் ஆண்டின் பெரும்பகுதி ஓடிய ஓடை இப்போது அடிவாரத்துக்குப் பெருமழை வெள்ளமாக மட்டும்தான் வருகிறது. மகாண்யா விவசாயிகள் அந்த வெள்ளத்தையே வயலுக்குத் திருப்பிவிடப் பழகிவிட்டார்கள். ஆற்றங்கரையை வெட்டி, சேறும் வண்டலுமாக வரும் நீரை வரப்பு கட்டிய நிலத்தில் பாய்ச்சி, அந்த ஈரத்தில் மக்காச்சோளம் போடுகிறார்கள். நடுவில் இருக்கும் ஊரோ மேலே உள்ளவர்களோடு பேரம் பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரே குலத்தின் உறவுகள் மேலும் கீழும் இருப்பதால் தாக்குப்பிடிக்கும் பேச்சுவார்த்தைகள் அவை.

மலையின் உயரத்தைப் பொறுத்துப் பிழைப்பு மாறுகிறது. மேலே குளிர்ந்த ஈர நிலத்தில் வாழையும் காப்பியும் பீன்ஸும் ஒன்றின் நிழலில் ஒன்றாக வளர்கின்றன. காப்பி ஒரு காலத்தில் மலைக்குக் காசு கொண்டுவந்த பயிர். விலை வீழ்ந்தபின் பலர் கைவிட்டார்கள். ஏலக்காயும் உண்டு. தென் பாரேயில் மம்பா மியாம்பாவைச் சுற்றிய ஊர்களின் இஞ்சி இன்று நாடெங்கும் பேர்பெற்றது. அங்கேயே பதப்படுத்தும் ஆலையும் அமைத்தார்கள். நடுச்சரிவில் மக்காச்சோளம், பீன்ஸ், கரும்பு. அடிவாரத்தில், தென் பாரேயின் கிழக்குப் பக்கம், என்டுங்குவில் வாய்க்கால் பாசன நெல் வயல்கள் பச்சையாக விரிகின்றன. அது ஜப்பானிய உதவியோடு உருவான பாசனத் திட்டம். ஜெர்மானியர் காலத்தில் வந்த கத்தாழைத் தோட்டங்களும் சமவெளியில் இருக்கின்றன. வடக்கே ஜிபே ஏரி, மேற்கே பங்கானி ஆற்றின் மேல் 1960களில் கட்டிய ந்யும்பா யா முங்கு நீர்த்தேக்கம். இரண்டிலும் மீன்பிடி நடக்கிறது. அந்த நீர்த்தேக்கத்தின் பெயருக்குப் பொருள் ‘கடவுளின் வீடு’. மகாண்யாவில் ஜிப்சம் வெட்டுகிறார்கள்.

மாடும் ஆடும் எப்போதும் உண்டு, பால், சாணம், பரிசம் மூன்றுக்கும் அவை வேண்டும். மலையில் தொழுவத்தில் கட்டித் தீனி போட்டு வளர்க்கிறார்கள், சமவெளியில் மேய்ச்சல். அந்த மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி 1951இல் ம்கோமாசி விலங்குக் காப்பகமாகியது. 1988இல் அதிலிருந்து மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு பல ஆண்டுகள் நடந்தும் மேய்ப்பர்கள் உள்ளே திரும்ப முடியவில்லை. அடிபட்டவர்களில் மாசாய்களும் பராகுயோக்களும் அதிகம் என்றாலும் பாரே மாட்டுக்காரர்களும் இருந்தார்கள். இன்று அது தேசியப் பூங்கா.

பலர் பேசத் தயங்குவது மிருங்கி. மெல்லும் போதைத் தழை. தான்சானியாவில் அது சட்டவிரோதம். ஆனால் சாமே மாவட்டத்தின் சில மலை ஊர்களில் செழிப்பாக வளர்கிறது, காப்பியைவிடப் பல மடங்கு காசு தருகிறது, சீக்கிரம் பறிக்க வருகிறது. அதிகாரிகள் வந்து தோட்டங்களை வெட்டிப் போடுகிறார்கள். காப்பி விழுந்த இடத்தில் வேறொன்று எழும் என்பதை யோசிக்காமல் வெட்ட மட்டும் ஆள் அனுப்புவது தீர்வாகாது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மலையின் மிகப் பழைய இன்னொரு தொழில் இரும்பு. வட பாரேயில் மழைநீர் அடித்துக்கொண்டு வரும் கருமணலை ஓடைகளில் சேர்த்து, கரி போட்டு, துருத்தி ஊதி உருக்கினார்கள். சாகா தலைவர்களின் ஈட்டியும் மண்வெட்டியும்கூடப் பெரும்பாலும் பாரே கொல்லர்களின் இரும்பில் உருவானவை. உக்வேனோவை முதலில் ஆண்டவர்களே ஷானா என்ற கொல்லர் குலத்தினர்தான் என்று வாய்மொழி வரலாறு சொல்கிறது. பிறகு அங்கோவி என்பவர் தலைமையில் சூயா குலம் எழுந்து அவர்களிடமிருந்து ஆட்சியைப் பறித்தது. இந்த வாய்மொழிகளைத் திரட்டி முறையான வரலாறாக எழுதியவர் பாரே மண்ணிலேயே பிறந்த இசாரியா கிமாம்போ. தார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தின் பெரிய வரலாற்றாசிரியர்களில் ஒருவர்.

அந்தக் குலங்கள் இன்றும் குடும்பப் பெயர்களில் உயிரோடு இருக்கின்றன. தான்சானியாவில் ஒருவர் ம்ஷானா என்றால் கொல்லர் குலத்து வழி, ம்சூயா என்றால் ஆண்ட குலத்து வழி. ம்சாங்கி, ம்ஃபினாங்கா, ம்ப்வாம்போ, ம்கோன்ஜா போன்ற பெயர்களைக் கேட்டாலே ‘பாரேயா?’ என்று கேட்டுவிடுவார்கள். இரண்டு முறை பிரதமராக இருந்த கிளியோபா ம்சூயா உசாங்கிக்காரர். 2025 மே மாதம் காலமானார். ம்ம்பாகா என்றால் தென் பாரேயின் எம்பாகா குலம். மழை வரவழைப்பவர்கள் என்று அவர்களுக்குப் பேர். மழை பொய்த்தால் தொலைவில் உள்ள ஊர்க்காரர்கள்கூட அவர்களிடம் வந்தார்கள். மழையை நம்ப முடியாத மலையில் மழைக்காரனுக்கு மதிப்பு கூடியதில் வியப்பில்லை.

ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு புனிதக் காடு உண்டு. முன்னோர் வழிபாட்டுக்கானதை ம்புங்கி என்பார்கள். இறந்து சில காலம் கழித்து மூத்தவர்களின் மண்டையோட்டைத் தோண்டியெடுத்து மண்பானையில் வைத்து அங்கே பாதுகாத்தார்கள். நோய் நொடி, பஞ்சம், வழக்கு எது வந்தாலும் அந்த முன்னோரிடம் போய் முறையிட்டார்கள். ம்ஷீத்து என்பது வேறு. பையன்களை ஆணாக்கும் சடங்கும் பாடமும் நடந்த காடு. இந்தக் காடுகளில் யாரும் விறகு வெட்டக் கூடாது. அதன் பலனைத் தாவரவியலாளர்கள் இன்று காண்கிறார்கள்: சுற்றிலும் வயலாகிப்போன சரிவில், பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும் இந்தத் தோப்புகளில்தான் பழைய காட்டின் மரங்கள் மிஞ்சியிருக்கின்றன. ஊற்றுக்கண்களும் பல அங்கேதான்.

கசப்பானதையும் சொல்லிவிட வேண்டும். எம்பாகாவுக்கு அருகே மலாமேனி என்று ஒரு பாறை. மேல்பல் முதலில் முளைத்த குழந்தை போன்ற கெட்ட சகுனம் என்று கருதிய குழந்தைகளை அங்கிருந்து தள்ளிவிடும் வழக்கம் 1930கள் வரை இருந்ததாகச் சொல்கிறார்கள். பக்கத்திலேயே உள்ள ம்கிம்பி குகைகளில் 19ஆம் நூற்றாண்டில் அடிமை வேட்டைக்காரர்களுக்குப் பயந்து மக்கள் ஒளிந்தார்கள். கடற்கரைக்கு அடிமைகளையும் தந்தத்தையும் கொண்டுபோன வணிகப் பாதை இந்த மலையின் காலடியில்தான் ஓடியது. இரண்டு இடங்களையும் இன்று ஊர்க்காரர்களே வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்கிறார்கள். மறைக்காமல் சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

மதம் வந்த விதம் மலையை வெவ்வேறாகப் பிரித்தது. வட பாரேயில் லூத்தரன் சபையும் இஸ்லாமும். தென் பாரேயில் 1903இல் மம்பா அருகே கீத்தியில் ஜெர்மானிய ஏழாம்நாள் அட்வென்டிஸ்டுகள் வந்திறங்கினார்கள். தான்சானியாவில் அந்தச் சபையின் தொடக்கமே அங்கேதான். சனிக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வுநாள், அதனால் தென் பாரேயின் பல ஊர்களில் அன்று கடைகூடத் திறக்காது. இந்த மூன்று சாராரும் ஒரே குடும்பத்தில் இருப்பது சாதாரணம். மிஷன் பள்ளிகள் வேகமாகப் பரவியதால், மலையில் நிலம் சுருங்கச் சுருங்க, படித்து நகரத்துக்குப் போவது ஒரு பிழைப்பு வழியாகவே ஆகிவிட்டது. ஆசிரியர், எழுத்தர், கணக்கர் என்று நாடெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில் வீடு எழும்புகிறது, தம்பி படிக்கிறான், என்டிவாவுக்குச் சிமெண்ட் வாங்கப்படுகிறது.

சாப்பாட்டில் மகாண்டே முதலிடம். உமி நீக்கிய மக்காச்சோளத்தையும் பீன்ஸையும் சேர்த்து மணிக்கணக்கில் குழைய வேகவைப்பார்கள். காலையில் அடுப்பில் ஏற்றிவிட்டு வயலுக்குப் போய்த் திரும்பினால் குடும்பத்துக்கே தயார். தேங்காய்ப்பாலோ வெங்காயமோ சேர்த்தால் விருந்து. கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் டெங்கெலுவா என்ற மது பெண் கேட்கப் போகும்போதும் முன்னோருக்குப் படைக்கும்போதும் இல்லாமல் முடியாது. அட்வென்டிஸ்டு வீடுகளில் மட்டும் அதற்கு இடமில்லை.

தான்சானியாவில் அக்கம்பக்கத்து இனங்களுக்குள் உதானி என்று ஒரு முறையான கேலி உறவு உண்டு. சாகாக்கள் பாரேக்களைக் கஞ்சர்கள் என்பார்கள். ‘கோழி வழக்கில் ஜெயிக்க மாட்டை விற்பவன் பாரே’ என்பதும் அந்தக் கேலிகளில் ஒன்று. விளையாட்டுப் பேச்சுதான், பாரேக்களும் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோழி வழக்கை நான் கேலியாகப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத் தண்ணீர் முறை தப்பினால் ஒரு போகம் போகும் இடத்தில் சின்ன உரிமைக்கும் கடைசிவரை நிற்கத்தான் வேண்டியிருக்கும். அப்படி நின்றதில் மிகப் பெரியது ம்பிரு போராட்டம்.

ம்பிரு என்பது முன்பு தலைவர்களுக்கு மக்கள் கொடுத்த பழைய காணிக்கையின் பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேய நிர்வாகம் அந்தப் பெயரைப் போட்டு ஒரு புதிய வரியைக் கொண்டுவந்தது. எல்லாருக்கும் ஒரே தொகை என்று இருந்த தலைவரிக்கு மேல், ஒவ்வொருவருடைய சொத்தையும் மதிப்பிட்டு ஏற்றிறக்கமாக வசூலிக்கும் வரி. மதிப்பிடுவது யார், எந்தக் கணக்கில் என்று யாருக்கும் புரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் குறைவாகவும் தனக்கு அதிகமாகவும் வந்தது ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. தண்ணீர் முறை எல்லார் கண்ணெதிரிலும் எண்ணப்படும் ஊரில் இதை யார் ஏற்றுக்கொள்வார்கள்? 1945 தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான ஆண்கள் மலையிலிருந்து இறங்கிச் சாமேயில் இருந்த மாவட்டத் தலைமையிடத்துக்கு நடந்து போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். முறை வைத்துப் போவதும் வருவதுமாக மாதக்கணக்கில் அது நீடித்தது. வயலை யார் பார்ப்பது? பெண்கள்தான் பார்த்தார்கள். கடைசியில் உசாங்கிப் பெண்கள் பொறுமை இழந்து திரண்டு ஆங்கில அதிகாரியைச் சூழ்ந்துகொண்டார்கள். வழக்கைத் தீர்த்து எங்கள் புருஷன்மார்களை வீட்டுக்கு அனுப்பு, இல்லையென்றால் நீயே எங்கள் எல்லாரையும் கர்ப்பமாக்கு என்று கேட்டார்கள். அந்த மனிதருக்கு என்ன பதில் இருந்திருக்கும்? போர் முடிந்த ஓரிரு ஆண்டுகளில் அந்த வரி கைவிடப்பட்டது. விடுதலை இயக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்தக் கட்சியும் இல்லாமல், ஒரு மலை மக்கள் நடத்தி வென்ற போராட்டம் அது.

சாமேயும் முவாங்காவும் குடிநீருக்குத் தவித்த கதையும் நீளமானது. கண்ணுக்கெட்டிய தூரத்தில் ந்யும்பா யா முங்கு நீர்த்தேக்கம் இருந்தும், அதிலிருந்து குழாய் இழுக்கும் திட்டம் பல ஆண்டுகள் இழுத்தடித்து 2025இல்தான் திறப்பு விழா கண்டது. நகரத்துக்குக் குழாய் வந்துவிட்டது. மலைச்சரிவில் இன்றும் இரவானால் என்டிவாவின் மதகை மண்ணும் தழையும் வைத்து அடைக்கிறார்கள், காலையில் யாருடைய முறையோ அவர் வந்து திறக்கிறார்.